கம்பிக்கு எடை உண்டா

உட்காருங்கள் அக்கா, இதற்குப் போய் அனுமதி கேட்கிறீர்களே. பெஞ்சு பல்கலைக்கழகத்துடையது. ஒன்றே ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு நாசரேத் பக்கமா? இல்லையே? கோவில்பட்டியா. மகளுடைய மைக்ரேஷன் சர்டிபிகேட் வாங்க வந்தீர்களா. சரி, சரி. தப்பாக நினைக்காதீர்கள். என் கையில் இருக்கிற இந்த மனு நாசரேத்துக்காரி ஒருத்தியைப் பற்றியது. அவளுக்குச் சித்தி, பெரியம்மா என்று யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயைக் கிண்டிவிட்டுப் போனால்? உறுதி செய்துகொள்ளாமல் நான் எதையும் பேச மாட்டேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருடம். பேச்சுப் போட்டிகளில் எப்போதும் முதல் பரிசு. ஒரே ஒரு முறை இரண்டாம் பரிசு. அன்றைக்கு நடுவராக வந்தவருக்கும் முதல் பரிசு வாங்கியவளுக்கும் ஒரே ஊர். அது தனி வழக்கு, இப்போது வேண்டாம்.

இந்த மனுவை இன்றைக்கு ஒரு மணிக்குள் அந்த ஜன்னலில் கொடுத்தாக வேண்டும். தேர்வு நடந்து ஏழு நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்பது விதி. இன்று ஏழாவது நாள். கொடுத்துவிட்டால் வலுதூக்கும் அணிக்கு நடந்த தேர்வை ரத்து செய்தே ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. அந்த நாசரேத்துக்காரி ஜெபமலர் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்காக நாளை மறுநாள் மங்களூருக்கு ரயில் ஏறுவதும் நின்றுவிடும். அறுபத்து மூன்று கிலோப் பிரிவில் ஒரே ஓர் இடம். நானும் அந்தப் பிரிவு, அவளும் அந்தப் பிரிவு. இப்போது புரிகிறதா?

ஆமாம் அக்கா, வலுதூக்குதல். என்னைப் பார்த்தால் தெரியாது, துப்பட்டா போட்டிருக்கிறேன். கையைப் பாருங்கள். இந்தக் காய்ப்பெல்லாம் ஒரு வருட வேலை. இனி என் கையில் வளையல் ஏறாது என்று அம்மா அழுகிறாள். ஏறாவிட்டால் பெரிய வளையலாக வாங்கு என்றேன். வாதம் சரிதானே?

இது தொடங்கியதே ஒரு வாதத்தில்தான். பெண்ணின் உடல் பலவீனம் என்பது இயற்கை கிடையாது, கட்டிவிட்ட கதை என்று போன வருடம் மேடையில் இருபது நிமிடம் பேசினேன். அரங்கமே தட்டியது. சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்தேன். தண்ணீர் கேனை ஸ்டாண்டில் தூக்கி வைப்பது அன்றைக்கு என் முறை. இடுப்பு வரைக்கும்கூட வரவில்லை. பக்கத்து அறைக்காரி வாசலில் சாய்ந்துகொண்டு, "மேடையில உலகத்தையே தூக்குனா, இங்க ஒரு கேனுக்கு மூச்சு வாங்குதே" என்றாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பல்கலைக்கழக ஜிம்மில் நின்றேன். பெண்களுக்கு ஆறிலிருந்து ஏழரை வரை.

அங்கேதான் இந்த ஜெபமலர். எம்.எஸ்ஸி. தாவரவியல். பள்ளிக்கூடத்திலேயே கொஞ்சம் எடை தூக்கிப் பழகியவள். நான் கேட்கவே இல்லை அக்கா, அவளாக வந்து முதுகில் இரண்டு விரலை வைத்து, "வளைக்காதட்டி, நெஞ்ச நிமித்து" என்றாள். நான் எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கியதும், "நீயும் அறுபத்து மூணா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கே எனக்குத் தட்டியது. இடம் ஒன்று, ஆள் இரண்டு. எதிராளிக்கு யாராவது வலியப் போய்ச் சொல்லிக் கொடுப்பார்களா? நீங்கள் செய்வீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். மாட்டீர்கள்.

முட்டை விஷயம் கேளுங்கள். மார்ச்சில் மெஸ்ஸில் அவளுடைய முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். "லெந்து நோன்பு நாள்ட்டி, நான் சாப்பிடமாட்டேன். உனக்குப் புரதம் வேணும்லா" என்றாள். நாற்பது நாளும் வைத்தாள். முதல் இரண்டு நாள் நான் அதை ஹாஸ்டல் பூனைக்குப் போட்டுப் பார்த்தேன். பூனை நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து நான் சாப்பிட்டேன். ஆனால் பூனை நன்றாக இருந்ததால் நோக்கமும் நன்றாக இருந்தது என்று ஆகிவிடுமா?

ஜிம்மில் இருந்த கண்ணாடியையும் நான் நம்பவில்லை. எல்லாரையும் ஒல்லியாகக் காட்டுகிற கண்ணாடி அது. உடம்பு ஏறும் என்று புரதப் பொடி விற்க வந்தவனை நம்பவில்லை. நான் நம்பியது என் நோட்டை மட்டும்தான். ஒரு வருடம், ஒரு நாள் விடாமல், என்ன தூக்கினேன், எத்தனை முறை, எங்கே வலித்தது, எல்லாம் இருக்கிறது. ஜூலையில் இருபது கிலோ. தீபாவளிக்கு ஐம்பத்தைந்து. நவம்பரில் முழங்கால் வீங்கியது. பதினொரு நாள் ஓய்வு. அந்தப் பதினொரு நாளும் அவள் மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தாள், அதையும் குறித்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு எழுபது. போன மாதம் தொண்ணூற்றைந்து. தரையில் கிடக்கிற கம்பியை நிமிர்ந்து இடுப்பு வரை தூக்குவார்களே, டெட்லிஃப்ட், அந்த ஒன்றில்தான் தேர்வு.

நான் எழுதிய முறையையும் சொல்லிவிடுகிறேன், வழக்கே அதில்தான் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் எண்ணெய்க் கடை. சின்ன வயதிலிருந்து தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். நீங்கள் தூக்குவாளி கொண்டுவந்தால் அப்பா என்ன செய்வார்? முதலில் வெறும் வாளியை எடை போட்டு அதைக் கழித்துவிடுவார். அப்புறம்தான் எண்ணெய் ஊற்றுவார். வாளியையும் சேர்த்து எடை சொல்கிறவனுக்கு எங்கள் தெருவில் என்ன பெயர் தெரியுமா? திருடன். அதனால் கம்பியின் இரண்டு பக்கமும் மாட்டுகிற பிளேட்டுகளை மட்டும் கூட்டி எழுதினேன். கம்பி வாளி மாதிரி. அது பிடித்துத் தூக்குவதற்கு. சரக்கு பிளேட்டுதான். இதில் என்ன குற்றம்?

என் பிளேட்டுகளை நானே மாட்டுவேன். வேறு கை படவிட மாட்டேன். ஆனால் அவள் மாட்டுவதையும் எண்ணிக்கொண்டே இருப்பேன். அப்படித்தான் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தேன். அவள் எழுபது கிலோ மாட்டியிருப்பாள். "தொண்ணூறுல இருக்கேன்" என்பாள். எண்பது இருக்கும், "நூறு" என்பாள். எப்போது பார்த்தாலும் சரியாக இருபது கிலோ கூட்டிச் சொல்வாள். ஒரு நாள்கூட இருபத்தொன்று இல்லை, பத்தொன்பது இல்லை. பொய் சொல்வதிலும் என்ன ஒழுங்கு பாருங்கள் என்று நோட்டில் தேதியோடு குறித்திருக்கிறேன்.

அதோடு நின்றால் பரவாயில்லை. என் எடையையும் கூட்ட ஆரம்பித்தாள். மார்ச் மாதம், நான் எண்பது தூக்கி இறக்குகிறேன். ஓடிவந்து கட்டிக்கொண்டு, "ஏட்டி அரசி! நூறு எடுத்துட்டியே! நூறு!" என்று குதிக்கிறாள்.

"எண்பது" என்றேன்.

"என்ன எண்பது? கண்ண முழிச்சுப் பாரு."

"நான் முழிச்சுத்தான் இருக்கேன். எனக்கு இந்த முகஸ்துதி எல்லாம் வேண்டாம்."

"முகஸ்துதியா? ஏட்டி போ, நீயும் உன் தமிழும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துப் பாதியை உடைத்து என் கையில் வைத்தாள்.

நான் அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எண்பது தூக்குகிறவளை நூறு என்று நம்பவைத்தால் என்ன ஆகும்? நூறு என்று நினைத்துக்கொண்டு தேர்வில் போய் நூற்றைந்து கேட்பாள். தூக்க முடியாது. கிடைக்கிற மூன்று வாய்ப்பும் வீணாகும். எதிராளி ஒழிந்தாள். அரசியல் அறிவியலில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது அக்கா. கடலைமிட்டாயைச் சாப்பிட்டேன். அது வேறு.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை. உடற்கல்வி இயக்குநர் சண்முகத்தாய் மேடம் நடுவில், பக்கத்தில் இரண்டு பேர். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதலில் எவ்வளவு தூக்கப் போகிறோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தூக்கிய பிறகு ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எடையைச் சொல்ல வேண்டும். ஏற்றலாம், குறைக்க முடியாது.

நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். சீட்டு கேட்கிறார்கள் என்று ஜெபமலர் அவளுடையதையும் என்னுடையதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரைக் கேட்டு? நான் மேசைக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். மங்கையர்க்கரசி, நூற்றைந்து. வாழ்நாளில் நான் தூக்கியதே தொண்ணூற்றைந்து. நான் மார்ச்சில் கணித்த அதே நூற்றைந்து! என் சந்தேகம் எழுத்தில் வந்து நிற்கிறது! அங்கேயே அடித்துவிட்டு எண்பத்தைந்து என்று எழுதினேன். ஜெபமலர் தூரத்திலிருந்து, "என்னத்தட்டி மாத்துற?" என்று கத்தினாள். மாட்டிக்கொண்ட முகம் என்று அப்போது நினைத்தேன்.

கூப்பிட்டார்கள். போய்க் குனிந்து பிடித்தேன். கம்பி மேலே பறந்து வருகிறது. காகிதம் மாதிரி. இறக்கி வைத்துவிட்டுப் பிளேட்டுகளை எண்ணினேன். ஒரு பக்கம் நாற்பத்திரண்டரை இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டரைதான் இருக்கிறது. விடுவேனா?

"மேடம், எடை குறைச்சு மாட்டியிருக்காங்க. ரெண்டு பக்கமும் பத்துப் பத்துக் குறையுது."

மேடம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "அறுபத்தஞ்சு பிளேட்டு, இருபது கம்பி. எண்பத்தஞ்சு. சரியாத்தானம்மா இருக்கு?"

"கம்பியை எதுக்கு மேடம் சேர்க்கீங்க?"

"சேர்க்காம? நீ கம்பியைக் கீழ வச்சுட்டுப் பிளேட்ட மட்டுமா தூக்குன?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வாதமா? நான் எண்ணெய்க் கடையிலிருந்து ஆரம்பித்தேன். வாளி, தராசு, கழிவு எடை, வாங்குகிறவனின் உரிமை, எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். இந்த ஜிம்மில் எந்தச் சுவரில், எந்தப் பலகையில், கம்பிக்கு எடை உண்டு என்று எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நன்றாகப் பேசினேன் அக்கா. என் வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசிய நாட்களில் அது ஒன்று. நடுவில் ஜெபமலர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து இழுத்து, "அரசி, நிமிஷம் போவுது, எடையைச் சொல்லு, எடையைச் சொல்லு" என்கிறாள். என் வாதத்தைக் கலைக்கிறாள் என்று தட்டிவிட்டேன்.

நிமிடம் முடிந்தது. அடுத்த எடை சொல்லாவிட்டால் அவர்களே இரண்டரை கிலோ ஏற்றிவிடுவார்களாம். அதுவும் விதியாம். என் இரண்டாவது வாய்ப்பு எண்பத்தேழரை. அவர்கள் கணக்கில் எண்பத்தேழரை. ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அரைத் தூக்கத்தில் ஐந்து முறை தூக்கியிருக்கிறேன் அதை.

அதற்குள் அவள் நூற்றைந்து தூக்கி, நூற்றுப் பன்னிரண்டரையும் தூக்கிவிட்டாள். கம்பியைச் சேர்த்துத்தான்.

எனக்கு ஒன்றே ஒன்று பாக்கி. ஒரு நிமிடம். அவள் என்னிடம் வந்து, முகத்துக்கு நேராக நின்று, "நூத்திப் பதினஞ்சு கேளு" என்றாள். "உன் நோட்டுல தொண்ணூத்தஞ்சுன்னு இருக்கும்லா, அதான் இது. அதே பிளேட்டு. போன மாசம் எடுத்த. இப்ப எடு."

நூற்றுப் பதினைந்து தூக்கினால் அவளைத் தாண்டிவிடுவேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை அக்கா, சாதாரணமாக இருந்தது கண். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு இதில் என்ன லாபம்? இவளுக்கு இன்னும் மூன்றாவது வாய்ப்பு இருக்கிறது. நான் தவறவிட்டால் இவள் நிம்மதியாக நிற்கலாம். எதிராளி சொல்லும் எண்ணைக் கேட்கிறவள் முட்டாள்.

நூற்றுப் பத்து கேட்டேன்.

தூக்கினேன். சுலபமாக வந்தது. மேலே நிற்கும்போதே தெரிந்தது, இன்னும் இருக்கிறது, இன்னும் ஐந்து கிலோவுக்கு இடுப்பில் இடம் இருக்கிறது என்று. சண்முகத்தாய் மேடமே பேனாவை வைத்துவிட்டு, "என்னம்மா, பாதியை உள்ளேயே வச்சுக்கிட்டே" என்றார்.

இனிமேல்தான் விஷயமே. ஜெபமலரைக் கூப்பிட்டார்கள். அவள் மூன்றாவது வாய்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தூக்கவே இல்லை. ஏன்? நீங்கள் சொல்லுங்கள், ஏன்? நான் வராந்தாவில் மடக்கிக் கேட்டேன்.

"எதுக்குத் தூக்கல?"

"உனக்கு ரெண்டு வாய்ப்பும் வீணாப் போச்சுல்லா. நீ ஒண்ணு தூக்கையில நான் மூணு தூக்குறது நல்லா இல்ல. நீ நூத்திப் பதினஞ்சு எடுத்திருந்தா அதோட முடிஞ்சது. நீ போயிருப்ப."

"அப்போ அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

அவள் பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சுண்ணாம்புத் தூளைத் துடைத்துக்கொண்டே, "சொன்னா நம்பியிருப்பியாட்டி?" என்று கேட்டாள்.

இது கேள்வியா அக்கா? கேள்விக்குக் கேள்வி பதிலாகுமா? அதற்குப் பதில் சொன்னால் வேறு தலைப்புக்குப் போய்விடும்.

அன்றைக்கே இந்த மனுவை எழுதினேன். இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, கம்பியின் எடை சேர்க்கப்படும் என்பது எழுத்துமூலம் அறிவிக்கப்படவில்லை. இரண்டு, என்னுடைய சீட்டை எதிர்ப் போட்டியாளரே நிரப்பினார். முதலாவது நிற்காது என்று எனக்கே தெரியும். விதிப் புத்தகத்தில் இருக்கிறதாம், நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டேன், நாலாம் பக்கம். இரண்டாவதுதான் பலம். அது நிரூபணமானால் அவளை இந்த வருடம் விளையாடவே விட மாட்டார்கள். ஆமாம், அவள் எழுதிய எண்ணும் நான் மனதில் வைத்திருந்த எண்ணும் பிளேட்டுக்குப் பிளேட்டு ஒன்றுதான். அதை மனுவில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மனுவுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அன்றைக்கு அங்கே இருந்தவர் யாராவது போட வேண்டும். கூடைப்பந்து ஆடுகிற இரண்டு பேரைக் கேட்டேன். ஒருத்திக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம். இன்னொருத்தி, "அரசி, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று போய்விட்டாள். ஐந்து நாள் அலைந்தேன். நேற்று மெஸ்ஸில் மனுவை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபமலர் தோசைத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஆறு நாளாக நான் அவளோடு பேசவில்லை. காகிதத்தை அவள் பக்கம் திருப்பிப் படித்தாள். முழுவதும் படித்தாள் அக்கா. இரண்டாவது குற்றச்சாட்டைப் படிக்கும்போது மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். ஒரு தடவை. அப்புறம் மறுபடி மென்றாள்.

"பேனா குடு" என்றாள்.

கிழிக்கப் போகிறாள், அடிக்கப் போகிறாள் என்று நான் நகலைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் 'எதிர் போட்டியாளரே' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நடுவில் ஒரு 'ப்' போட்டாள். "ஒற்று விட்டுட்ட. தமிழ்ல பரிசு வாங்குறவ" என்றாள். கீழே சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இதோ பாருங்கள். ப. ஜெபமலர். தேதியோடு.

"நீதானே குற்றவாளி. நீயே எப்படிச் சாட்சி போடலாம்?"

"சீட்ட நான்தான எழுதினேன். எழுதினது உண்மைதான. வேற யாரு போடுவா?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு மூணு நாளா முதுகு பிடிச்சிருக்கு, தனியாச் செய்ய பயமா இருக்கு. நாளைக்குக் காலையில வாரியா?"

இன்றைக்குக் காலையில் நான் போகவில்லை. போவேனா? இதற்குள்ளே என்ன இருக்கிறது என்று இரவெல்லாம் யோசித்துவிட்டேன் அக்கா. தன்மேல் வந்த குற்றச்சாட்டுக்குத் தானே கையெழுத்துப் போடுகிறாள் என்றால், சட்டப்படி இதில் ஏதோ ஓட்டை இருக்கிறது. அனுதாபம் தேடுகிறாளா? நான் கொடுக்க மாட்டேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறாளா? அப்படியென்றால் கொடுத்தே தீர வேண்டும். அல்லது கொடுப்பேன் என்று எதிர்பார்த்து அதற்கு மேலே ஒரு திட்டம் வைத்திருக்கிறாளா? அப்படியென்றால் கொடுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் சமமாகத்தான் வருகிறது. எவ்வளவு நேரம் பேசினாலும் சமமாகத்தான் வருகிறது. அவள் பேசினால் வெட்டிவிடுவேன். அவள்தான் எதிர்வாதமே செய்யவில்லையே. எதிர்வாதம் இல்லாத ஆளை எப்படி ஜெயிப்பது?

முதுகு பிடித்திருக்கிறது என்றாளே, அதுவும் உண்மையா என்று தெரியவில்லை. உண்மையாக இருந்தால் மங்களூரில் தூக்க முடியாது. குனிகிறபோது இடது தோளை இறக்குவாள் அவள். ஒரு வருடமாகப் பார்க்கிறேன், யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் நிமிர்த்துவாள். இன்று காலை யார் சொல்லியிருப்பார்கள்? கூடைப்பந்துக்காரிகளா? அவர்களுக்கு என்ன தெரியும்?

என்ன மணி? பன்னிரண்டு ஐம்பதா. இல்லை, அவசரம் இல்லை. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்பதரைக்கு வந்தேன். நான்தான் முதல் ஆள்.

அதோ, அடுத்து யார் என்று கேட்கிறார்கள். இல்லை அக்கா, நீங்கள் போங்கள். கோவில்பட்டி போய்ச் சேர வேண்டுமே உங்களுக்கு, பஸ் கிடைக்காது. நான் இதை இன்னும் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். வேறு எங்கேயாவது ஒற்று விட்டிருப்பேன். போங்கள் அக்கா, நீங்கள் போங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கிறாரே அந்த அண்ணன், அவரையும் வரச் சொல்லுங்கள்.